முழுக்கி வைத்த படகு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்கு வருவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. பஸ்ஸில் வைத்துப் படிக்காதே, பொன்னேரி தாண்டுவதற்குள் உனக்குக் குமட்டிக்கொண்டு வரும். போனில் சொல்ல வேண்டியதை இந்த மனுஷன் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நாம் பேசினால் எப்படி முடிகிறது என்று உனக்கே தெரியும். நீ "உனக்குப் புரியாது நைனா" என்பாய். நான் "ஆமாம்மா, நீதான் படிச்சவ" என்பேன். உன் அம்மா போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். எழுதினால் நீ நடுவில் பேச முடியாது. முடித்ததும் உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். உன் அலுவலகத்தில் யார் கண்ணில் பட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பட்டால் நல்லதுதான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது, ஞாயிறுவாக்கில் நம் பக்கம் வரும் என்கிறார்கள். சனிக்கிழமைக்குள் ஊரில் எல்லோரும் படகை ஏரியில் முழுக்கி வைத்துவிடுவோம். உன் சித்தப்பா ஏழுமலை மட்டும் முழுக்க மாட்டானாம். புயல் அடிக்கும்போது கரையில் படகுக்குள் ஏறி உட்காரப் போகிறானாம், போன வருஷம் உட்கார்ந்த மாதிரியே. இன்சூரன்ஸ் போட்ட படகை நாமே முழுக்கினால் நஷ்ட ஈடு கிடையாது என்று அவனுக்குப் பாடம் சொன்னது நீ. கோபமாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன் கண்ணு, ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. காலையிலிருந்து அவன் தன் வீட்டு வாசலில் பலகையை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான். படகில் உட்காரத்தான் பலகை. ஒவ்வொரு அடிக்கும் என் பேனா நின்று நின்று போகிறது.

நீ முதல் முறை கம்பெனிப் பையை மாட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாயே, அந்த நாளை நினைத்துப் பார். மீன் ஏலம் போடும் கொட்டகையில் உனக்கு நாற்காலி போட்டோம். என் மகள் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று நான் முன்வரிசையில் மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ படம் காட்டினாய், நன்றாகவே பேசினாய். முடிந்ததும் யாரும் கையெழுத்துப் போட எழுந்து வரவில்லை. வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து, "நம்ம ஜனங்களுக்கு விழிப்புணர்வே இல்ல நைனா" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. வானத்தில் ஒரு மேகம் நிறம் மாறினால் கூடையை எடுத்துக்கொண்டு கரையேறுகிற ஜனங்களிடம் போய் இதைச் சொல்கிறாளே என்று நினைத்தேன். சோறு போட்டுக்கொண்டிருந்த நேரம், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு அவர்கள் கேட்ட கேள்விகளை நீ காதில் வாங்கவில்லை என்பதுதான் என் வருத்தம். கையால் இறால் பிடிக்கிற அஞ்சலை எழுந்து, "எனக்குப் படகும் இல்ல, வலையும் இல்ல. இந்தக் கைதான் வலை. பொயலு வந்துட்டுப் போனா ஏரி கலங்கிப்போயி ஒரு எறாகூட கைக்குத் தட்டாது. அந்த நாளுக்கு இன்னா குடுப்பீங்கோ?"னு கேட்டாள். கொட்டகையே சிரித்தது. நீயும் சிரித்துவிட்டு, "அதெல்லாம் இதுல வராதுக்கா" என்றாய். அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை கண்ணு. அப்படி ஒன்று இருந்தால் பிடிக்கிற எறாவில் ஒரு பங்கை அதற்கென்று எடுத்து வைக்கத் தயாராக இருந்தாள். இப்போதும் என்னைப் பார்த்தால், "உன் பொண்ணு அதப் பத்தி மேல சொல்லுச்சா?"னு கேட்கிறாள்.

நமக்கு அரிசி தருகிற திருப்பாலைவனத்துத் தணிகாசலமும் அன்றைக்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். நெல்லுக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுகிறவன். நீ போன பிறகு அவன் சொன்னான்: "என் வயலு முழுவிப் போச்சுண்ணா. அவங்கோ விளைச்சல அளந்தது மேட்டுல கீற எவன் வயல்லயோ. மொத்த ஊருக்கும் நல்ல விளைச்சல்னு எழுதிட்டுப் பூட்டாங்கோ." அப்புறம் ஏன்டா கட்டுகிறாய் என்றேன். "ஒரு வாட்டியாவது என் வயலுக்கு வந்து அளப்பாங்கோன்னுதான்" என்றான். விழிப்புணர்வு இல்லாதவன் பேசுகிற பேச்சா இது, நீயே சொல்.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் உன் சித்தப்பா. அதுவும் மறுநாள், வீட்டுக்கு வந்து. "நம்ம பாப்பா சொல்லுது, நானே போடலன்னா வேற எவன் போடுவான்?" என்று சொல்லிக்கொண்டே போட்டான். புது ஃபைபர் படகு அது. இன்சூரன்ஸ் மேல் உள்ள ஆசையில் அவன் போடவில்லை, உன் மேல் உள்ள ஆசையில் போட்டான். நானும் என் படகுக்குப் போட்டிருப்பேன். அவனுக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு போடலாம் என்று இருந்தேன். பெற்ற அப்பன் நான் காத்திருந்தேன், அவன் காத்திருக்கவில்லை.

படகை முழுக்குவது உனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மறந்துவிட்டாய். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் ஒரு புயல் வந்தது. இஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, வலையைப் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டு, படகை ஓடைப்பக்கம் இழுத்துப் போனோம். சேற்று மூட்டைகளை உள்ளே அடுக்கி, படகின் அடி ஓட்டையை அடைத்திருக்கும் தக்கையைப் பிடுங்கினேன். தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது. படகு மெல்ல மெல்ல உட்கார்ந்து, மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. கரையில் உன் அம்மா இடுப்பில் இருந்த நீ, "நைனா படகக் கொன்னுட்டாரு!"னு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாய். என்னோடு பேசவில்லை, என் கையால் சோறு வாங்கவில்லை. தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் காற்றால் தூக்கி எறிய முடியாது, இந்த வித்தை அவ்வளவுதான். அந்த வயசில் உனக்கு எப்படிப் புரியும்? புயல் போன பிறகு எல்லோரும் சேர்ந்து தண்ணீரை இறைத்தோம். நீயும் ஒரு பால்மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு இறைத்தாய். படகு ஆடிக்கொண்டு மேலே வந்ததும் அதன் விலாவைத் தட்டிக்கொடுத்து, "பொழச்சிக்கிச்சு, பொழச்சிக்கிச்சு"னு வீடு வீடாகப் போய்ச் சொன்னாய்.

இனி போன வருஷத்துப் புயல் நாளைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது போனில் கேட்ட பாதிதான்.

படகை முழுக்க ஊரே சேர்ந்து கை கொடுக்க வேண்டும், ஒவ்வொரு படகாகத்தான் முடியும். ஏரியில் எந்தப் பாட்டில், அதாவது எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிற நாம் இதற்கும் சீட்டுத்தான் குலுக்குகிறோம். அன்றைக்கு ஏழுமலைக்கு நல்ல சீட்டு, காற்று ஏறுவதற்கு முன்னாலேயே அவன் முறை வந்துவிட்டது. கயிற்றில் கை வைக்கப் போனோம். "இருங்கண்ணா, பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்" என்று போனைப் போட்டான். ஸ்பீக்கரில் நீ சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. "நீங்களா முழுக்கினா அது வேணும்னே பண்ணதா ஆயிடும் சித்தப்பா. கரையில பத்திரமான எடத்துல கட்டி வைங்க, அது போதும்." காகிதப்படி நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கடல், நடுவில் ஒரு பட்டை மணல். இதில் பத்திரமான இடம் எங்கே இருக்கிறது? அவன் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "நீங்க அடுத்த படகப் பாருங்கோ" என்றான். ஏலக் கொட்டகைத் தூணில் படகைக் கட்டினான்.

மத்தியானத்துக்கு மேல் வாடைக் காற்று ஏறிவிட்டது. பெண்களும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். உன் சித்தி நனைந்துகொண்டு ஓடிவந்து, "மாமா, அவரு உள்ள இல்ல"ன்னாள். எங்கே இருப்பான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. போய்ப் பார்த்தால் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு படகுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொரு வீச்சுக்கும் படகின் முன்பக்கம் எழும்பி எழும்பி மணலில் விழுகிறது. கொட்டகைத் தகரம் ஒன்று ஏற்கெனவே பறந்துவிட்டது.

"டேய், இன்னாடா பண்ற?"

"வெயிட்டு வேணும்ணா. நான் எறங்குனா இது எழும்பிடும்."

"நீ உக்காந்தா நீயும் சேந்து எழும்புவடா!"

"பாப்பா கட்டி வெக்கச் சொல்லிச்சு. கட்டிட்டேன். நீ போண்ணா."

காற்றுத் திசையில் அந்தப் படகுக்கு நேர் பின்னால் இருந்தது பள்ளிக்கூடம். கயிறு அறுந்தால் அது எங்கே போய் விழும் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆட்களைக் கூப்பிட்டேன். அவன் உள்ளே உட்கார்ந்திருக்க, படகை அப்படியே ஓடைக்கு இழுத்தோம். "வுடுங்கடா! என் படகுடா! காசு வராதுடா!" என்று அவன் கத்திய கத்தல் அந்தக் காற்றிலும் கேட்டது. கடைசியில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே போட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம், என் தோள்பட்டை அன்றைக்குப் போனதுதான். தக்கையை நான்தான் பிடுங்கினேன். அவசரத்தில் படகின் விலா, வலை கட்ட ஊன்றியிருந்த கொம்பில் மோதிப் பிளந்துவிட்டது. மற்ற படகுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீட்டு விழுந்த நேரத்தில் முழுக்கியிருந்தால் அவன் படகுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் மறுபடியும் அதையே செய்வேன். அதில் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை.

அப்புறம் உங்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் சேதம் பார்க்க வந்தார். மரியாதையான மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். படம் எடுத்துவிட்டு, "படகு எப்படிங்க மூழ்குச்சு?" என்று கேட்டார். உன் சித்தப்பா நிமிர்ந்து நின்று சொன்னான்: "அது மூழ்கல சார். நாங்கோ முழுக்கி வெச்சோம்."

அந்த வார்த்தையைப் பார் கண்ணு. பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம், விதை நெல்லைக் காய வைத்து எடுத்து வைக்கிறோம், பிள்ளையைத் தொட்டிலில் போட்டு வைக்கிறோம். அந்த மாதிரிதான் படகை முழுக்கி வைக்கிறோம். என் பொருளை நான் கவனமாகப் பார்த்துக்கொண்டேன் என்று அவன் பெருமையாகச் சொன்னான். அண்ணன்தான் என்னை அடித்து இழுத்து முழுக்கினான் என்று என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், அதுகூடச் சொல்லவில்லை. 'வெச்சோம்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டான். வந்தவர் எழுதிக்கொண்டு போனது 'மூழ்கடித்தார்கள்' என்று. உரிமையாளரே வேண்டுமென்றே மூழ்கடித்ததால் நஷ்ட ஈடு இல்லை என்று பதில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என்னிடம் கேட்டான்: "வேணும்னே செஞ்சது இன்னாண்ணா தப்பு? படகு வேணும்னுதானே செஞ்சோம்?" படகைக் கொன்றுவிட்டார் என்று நீ சின்னப் பிள்ளையில் அழுதாய். உன் கம்பெனியும் அதைத்தான் சொல்கிறது. உனக்காவது டப்பாவைக் கொடுத்து இறைக்க வைத்தேன், அவர்களுக்கு யார் காட்டுவது?

நீயும் பேசினாய். அதை நான் இன்னும் மறக்கவில்லை. "மூழ்கிப் போச்சுனு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே சித்தப்பா" என்றாய். வாய் தவறி வந்தது, அக்கறையில் வந்தது, எல்லாம் சரி. ஆனால் அவன் அதை எப்படி எடுத்துக்கொண்டான் தெரியுமா? "பாப்பா வேலைக்கு ஆபத்து வர்ற மாதிரி பொய் சொல்ல என்னால ஆவாது. அதனால பொய்யும் வேணாம், முழுக்கறதும் வேணாம்." இதுதான் அவன் கணக்கு. விலாவை ஒட்டுப் போட்டுப் படகைத் தண்ணீரில் இறக்கியதும் நீ மறுபடி போன் செய்து, இந்தத் தடவை விதிப்படி நடந்தால் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று சொல்லி, மறுபடி இன்சூரன்ஸ் போட வைத்தாய். அவன் இப்போது விதிப்படி நடக்கிறான். கரையில் கட்டுவான், மேலே ஏறி உட்காருவான்.

உன் கம்பெனியின் பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஓட்டைப் படகைக் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, போச்சே போச்சே என்று மாரடிக்கிற ஆட்கள் எந்தக் கரையிலும் இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் கொடுத்தால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் எப்படி மூழ்கியது என்று கேட்பது நியாயம். ஆனால் எச்சரிக்கை வந்த பிறகு, ஊர் கூடி, சீட்டுக் குலுக்கி, எல்லோர் கண்ணெதிரிலும் முழுக்குகிற படகில் எங்கே திருட்டுத்தனம் இருக்கிறது? நீ செய்கிற வேலை நல்ல வேலை. வருஷத்துக்கு ஒரு புயலாவது எட்டிப் பார்க்கிற இந்த மணலில் எங்களை விட இன்சூரன்ஸ் யாருக்கு வேண்டும்? ஊர் அதை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. படகைக் காப்பாற்றுகிறவனுக்குக் காசு இல்லை, காற்றில் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறவனுக்குக் காசு என்று எழுதியிருக்கிற காகிதத்தைத்தான் வேண்டாம் என்கிறது. முழுக்கி வைத்த படகு பாதுகாத்த படகு என்று ஒரு வரி அதில் சேர்த்துக்கொண்டு வா. முதல் கையெழுத்து என்னுடையது. அஞ்சலையின் கேள்வியையும் அப்படியே, அவள் வாயால் கேட்ட மாதிரியே, உன் மேலதிகாரிக்கு எழுதி அனுப்பு.

அந்த வரி சனிக்கிழமைக்குள் வராது என்று எனக்குத் தெரியும். உன் பெரிய அதிகாரி அவருக்குப் பெரிய அதிகாரியைக் கேட்பார், அவர் கேட்கிற நேரத்தில் இங்கே காற்று அடித்து ஓய்ந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வராதே. சனிக்கிழமை காலையில் வா. கம்பெனிப் பை வேண்டாம், பழைய துணி எடுத்து வா, கயிறு பிடிக்க ஆள் பற்றாது.

வந்து உன் சித்தப்பா எதிரில் நின்று, "முழுக்குங்க சித்தப்பா" என்று சொல். காசு கிடைக்கும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தாதே. கிடைக்காமல் போகலாம், போனாலும் முழுக்குங்கள், நீங்கள் எங்களுக்கு வேண்டும் என்று சொல். உன் பேச்சு பொய்யாகிவிட்டதே என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும், யாராவது கிண்டல்கூடச் செய்வார்கள். பரவாயில்லை, கூச்சத்தோடு சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "போன தடவ உன்னாலதான் நாஸ்தியாச்சு, நீ கம்முனு இருண்ணா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். இழுத்து வெளியே போடலாம் என்றால், இந்தத் தோளால் என்னால் சட்டைகூட ஒழுங்காக மாட்ட முடியவில்லை. நீ சொன்னதால் ஏறி உட்கார்ந்தவன், நீ சொன்னால்தான் இறங்குவான்.

ஆணிச் சத்தம் நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். பலகையை அடித்து முடித்து வாசலில் சாய்த்து வைத்திருக்கிறான். ஒரு ஆளுக்கு இவ்வளவு அகலம் எதற்குடா என்று கேட்டேன். அவன் சுத்தியலைத் துடைத்தான். உள்ளே இருந்து உன் சித்திதான் பதில் சொன்னாள்: "போன தடவ இவரு ஒருத்தரு வெயிட்டு பத்தல மாமா. இந்த தடவ நானும் உக்கார்றேன்."

உன் நைனா